பெட்ஃபோர்டு லெவல் சோதனை

பெட்ஃபோர்டு லெவல் சோதனை என்பது இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில் உள்ள பழைய பெட்ஃபோர்டு ஆற்றின் நீர்ப்பரப்பு வளைந்துள்ளதா, தட்டையாக உள்ளதா என்பதை அறிய 19ஆம் நூற்றாண்டிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பல முறை செய்யப்பட்ட நோக்கல்களைக் குறிக்கும். 1838ஆம் ஆண்டில் சாமுவேல் ரோபோதம் என்பவர் இங்கு தாம் கண்டதை அடிப்படையாகக் கொண்டு புவி தட்டையானது என்று வாதிட்டார். 1870ஆம் ஆண்டில் இயற்கையியலாளர் ஆல்ஃபிரெட் ரசல் வாலேசு, அதே ஆற்றில் முறையைத் திருத்தி அமைத்து நீர்ப்பரப்பின் வளைவைக் காட்டினார்.

ஒரே ஆற்றில், ஒரே ஆறு மைல் நீளத்தில் செய்யப்பட்ட இரு நோக்கல்கள் எதிரெதிரான முடிவுகளைத் தந்தது ஏன் என்பதே இச்சோதனையின் முதன்மைக் கேள்வியாகும். உருண்டையான புவி, தரையில் நிற்பவருக்குத் தட்டையாகத் தெரிவதற்கான காரணங்களை அறிய இக்கேள்வி நல்ல எடுத்துக்காட்டாக அமைகிறது.

பெயரும் இடமும்

"பெட்ஃபோர்டு லெவல்" என்பது ஒரு நிலப்பகுதியின் பெயர் ஆகும். கேம்பிரிட்ச்சையர், நோர்ஃபோக் ஆகிய மாவட்டங்களின் பகுதிகளை உள்ளடக்கிய இத்தாழ்நிலம் முற்காலத்தில் சதுப்பு நிலமாக இருந்தது. 17ஆம் நூற்றாண்டில் பெட்ஃபோர்டு பிரபுவின் முயற்சியால், டச்சுப் பொறியாளர் கொர்னேலியசு வெர்முய்டனின் திட்டப்படி இங்கிருந்து நீர் வடிக்கப்பட்டது. அதற்காக 1630களில் வெட்டப்பட்ட செயற்கைக் கால்வாயே பழைய பெட்ஃபோர்டு ஆறு எனப்படுகிறது.

இதன் ஒரு பகுதி, வெல்னி பாலத்திற்கும் பழைய பெட்ஃபோர்டு பாலத்திற்கும் இடையே சுமார் 6 மைல் (9.7 கிமீ) தொலைவுக்கு நேர்கோட்டில் செல்கிறது. இடையில் மதகுகளோ வளைவுகளோ இல்லை. நீரோட்டமும் மிக மெதுவானது. எனவே நீர்ப்பரப்பையே ஓர் இயற்கையான மட்டக்கோலாகக் கொண்டு பார்ப்பதற்கு இவ்விடம் ஏற்றதாக அமைந்தது.

புவி தட்டையாகத் தெரிவதற்கான காரணம்

புவியின் சராசரி ஆரம் சுமார் 6,371 கிமீ ஆகும். தரையில் நிற்கும் ஒருவரின் கண், தரையிலிருந்து சுமார் 1.7 மீட்டர் உயரத்தில் உள்ளது. தடையற்ற சமவெளியிலோ கடற்கரையிலோ நின்று பார்த்தால், அவருக்குத் தொடுவானம் சுமார் 4.7 கிமீ தொலைவில் அமையும். அதற்கு அப்பாலுள்ள தரை, வளைவின் பின்னே மறைந்துவிடும். ஆகவே அவர் ஒரே நேரத்தில் காணக்கூடிய புவியின் பகுதி, 4.7 கிமீ ஆரமுள்ள ஒரு வட்டம் மட்டுமே.

இவ்வட்டத்திற்குள் தரை எவ்வளவு வளைகிறது என்பதைக் கணக்கிடலாம். நோக்குபவரின் காலடியில் புவியைத் தொடும் ஒரு தட்டையான தளத்தைக் கற்பனை செய்தால், அத்தளத்திலிருந்து தரை கீழிறங்கும் அளவு, தொலைவின் இருபடியைப் புவியின் விட்டத்தால் வகுத்தால் கிடைக்கும். 1 கிமீ தொலைவில் இது 7.8 செமீ, 4.7 கிமீ தொலைவில் ஏறத்தாழ 1.7 மீட்டர். அதாவது, காணக்கூடிய வட்டத்தின் விளிம்பில் தரை கீழிறங்கும் அளவு, நோக்குபவரின் கண் உயரத்திற்குச் சமமாகவே உள்ளது. 4.7 கிமீ தொலைவில் ஓர் ஆள் உயரத்திற்குத் தரை தாழ்ந்திருப்பதை வெறுங்கண்ணால் உணர இயலாது. சாதாரண மேடு பள்ளங்களே இதைவிடப் பெரியவை.

ஒப்பீட்டிற்காகப் புவியைப் பத்து இலட்சத்தில் ஒரு பங்காகச் சுருக்கினால், அது 12.7 மீட்டர் விட்டமுள்ள ஒரு பந்தாக, நான்கு மாடிக் கட்டடத்தின் உயரத்திற்கு இருக்கும். அதன்மேல் நிற்கும் மனிதனின் கண் உயரம் 0.0017 மிமீ. அவன் காணும் வட்டத்தின் அகலம் ஒரு செமீக்கும் குறைவு. அத்தனை பெரிய பந்தின் மேல் அத்தனை சிறிய இடத்தை மட்டும் பார்ப்பவனுக்கு அது தட்டையாகத் தோன்றுவது இயல்பே.

தொடுவானம் நேர்கோடாகத் தெரிவதற்கும் இதுவே காரணம். தொடுவானம் நோக்குபவரைச் சூழ்ந்த ஒரு வட்டமாகும். அவ்வட்டத்தின் எல்லாப் புள்ளிகளும் கண்மட்டத்திற்குக் கீழே ஒரே கோணத்தில் அமைகின்றன. தரையில் நிற்பவருக்கு இக்கோணம் ஏறத்தாழ 0.04 பாகை மட்டுமே. இது முழுநிலவின் தோற்ற அகலத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு. எனவே வட்டத்தின் எந்தப் பகுதியை நோக்கினாலும் அது கண்மட்டத்தில் கிடக்கும் நேர்கோடாகவே தெரியும். உயரம் கூடும்போது இந்நிலை மெல்ல மாறுகிறது. ஒளிவிலகலைக் கருத்தில் கொள்ளாத தோராயமான அளவுகள் வருமாறு:

* கண் உயரம் 1.7 மீட்டர்: தொடுவானத் தொலைவு 4.7 கிமீ, தாழ்வுக் கோணம் 0.04 பாகை
* கண் உயரம் 100 மீட்டர்: தொடுவானத் தொலைவு 36 கிமீ, தாழ்வுக் கோணம் 0.3 பாகை
* கண் உயரம் 10 கிமீ (பயணிகள் விமானம்): தொடுவானத் தொலைவு 357 கிமீ, தாழ்வுக் கோணம் 3.2 பாகை
* கண் உயரம் 400 கிமீ (பன்னாட்டு விண்வெளி நிலையம்): தாழ்வுக் கோணம் ஏறத்தாழ 20 பாகை

பயணிகள் விமானத்தின் உயரத்தில்கூட வளைவு மிகச் சிறிதளவே தெரியும். ஐயத்திற்கு இடமின்றி வளைவைக் காண அதைவிடப் பன்மடங்கு உயரம் தேவை. தரையில் இருந்தபடியே வளைவை அறிய வேண்டுமாயின், தொலைநோக்கியும் கவனமான அளவீடும் வேண்டும். பெட்ஃபோர்டு ஆற்றில் நடந்தவை அத்தகைய முயற்சிகளே.

ரோபோதமின் நோக்கல் (1838)

1838 கோடையில் ரோபோதம் ஆற்றில் இறங்கி நின்று, நீர்ப்பரப்பிலிருந்து 8 அங்குலம் (20 செமீ) உயரத்தில் ஒரு தொலைநோக்கியைப் பிடித்துக்கொண்டார். கொடி கட்டிய ஒரு துடுப்புப் படகு அவரிடமிருந்து விலகி வெல்னி பாலம் வரை ஆறு மைல் சென்றது. வழி முழுவதும் படகு தம் பார்வையில் இருந்து மறையவில்லை என அவர் அறிவித்தார்.

அவருடைய கணக்கு தவறானதன்று. 8 அங்குல உயரத்தில் உள்ள கண்ணுக்குத் தொடுவானம் ஒரு மைல் தொலைவில் அமையும். மீதமுள்ள ஐந்து மைலுக்குப் பின் 16 அடி 8 அங்குலம் (5.1 மீட்டர்) உயரம் வரையிலான பொருட்கள் மறைய வேண்டும். படகும் கொடியும் இதைவிடத் தாழ்வானவை. ஒளி முற்றிலும் நேர்கோட்டில் சென்றிருந்தால், உருண்டையான புவியில் அவர் அப்படகைக் கண்டிருக்க முடியாது. ஒளி நேர்கோட்டில்தான் செல்லும் என்ற எடுகோளைச் சோதிக்காமல் விட்டதே அவர் செய்த பிழை.

ரோபோதம் தம் கருத்துகளை 1849இல் "பாரலாக்ஸ்" (இடமாறு தோற்றம்) என்ற புனைபெயரில் சிறு நூலாக வெளியிட்டார். பின்னர் 1865இல் அதை விரித்துப் பெருநூலாக்கினார். ஊர் ஊராகச் சென்று சொற்பொழிவுகளும் ஆற்றினார்.

ஒளிவிலகலின் பங்கு

காற்றின் அடர்த்தி மேலே செல்லச் செல்லக் குறைகிறது. அடர்த்தி மிகுந்த காற்றை நோக்கி ஒளி வளையும். ஆதலால் தரைக்கு இணையாகச் செல்லும் ஒளிக்கதிர், பொதுவாகப் புவியின் வளைவைப் பின்பற்றிச் சற்றே கீழ்நோக்கி வளைகிறது. இயல்பான சூழலில் இவ்வளைவு புவியின் வளைவில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு ஆகும். எனவே நாம் வடிவியல் கணக்கு அனுமதிப்பதைவிடச் சற்றுத் தொலைவு கூடுதலாகவே காண்கிறோம்.

நீர்ப்பரப்புக்கு மிக அருகில் நிலைமை வேறுபடும். கோடைப் பகலில் நீர், மேலுள்ள காற்றைவிடக் குளிர்ந்திருக்கக்கூடும். அப்போது நீரை ஒட்டிய காற்று குளிர்ந்து அடர்த்தி மிகுந்தும், அதற்கு மேலுள்ள காற்று வெப்பம் மிகுந்தும் இருக்கும். இது வெப்பத் தலைகீழாக்கம் எனப்படும். வெப்பநிலை ஒரு மீட்டர் உயரத்திற்கு 0.1 பாகை செல்சியசுக்குச் சற்று மேல் உயர்ந்தாலே, ஒளிக்கதிரின் வளைவு புவியின் வளைவுக்குச் சமமாகிவிடும். அந்நிலையில் கதிர் நீர்ப்பரப்பை ஒட்டியே வளைந்து செல்லும். பார்ப்பவருக்கு நீர்ப்பரப்பு முற்றிலும் தட்டையாகத் தோன்றும். தொடுவானத்திற்கு அப்பால் மறைந்திருக்க வேண்டிய பொருளும் கண்ணுக்குத் தெரியும்.

வெயிலில் சுட்ட சாலையில் தோன்றும் கானல்நீர் இதற்கு நேர்மாறான நிகழ்வாகும். அங்கு தரையை ஒட்டிய காற்று மிகுந்த வெப்பமுடையதாக இருப்பதால் ஒளி மேல்நோக்கி வளைந்து, வானத்தின் தோற்றத்தைத் தரையில் காட்டுகிறது. கானல்நீரில் காண்பது நீர் அன்று என்பதை யாவரும் ஏற்பர். குளிர்ந்த நீர்ப்பரப்பின் மேல் தோன்றும் மாற்றம் அவ்வாறு தன்னைக் காட்டிக்கொள்வதில்லை. தெளிவான, நேரான காட்சியாகவே அது அமையலாம். கண்ணை நீரிலிருந்து 20 செமீ உயரத்தில் வைத்ததன்மூலம், இவ்விளைவு மிக வலுவாக உள்ள படலத்தினூடேயே ரோபோதம் பார்த்தார்.

வாலேசின் சோதனை (1870)

1870 சனவரியில், ரோபோதமின் கருத்தைப் பின்பற்றிய ஜான் ஹாம்டன் என்பவர், எந்த நீர்நிலையிலாவது வளைவைக் காட்ட முடியுமா எனச் சவால் விடுத்து 500 பவுண்டு பந்தயம் கட்டினார். டார்வினைப் போன்றே இயற்கைத் தேர்வுக் கொள்கையைத் தனித்துக் கண்டறிந்தவரான வாலேசு, இச்சவாலை ஏற்று அதே அளவு தொகையைச் செலுத்தினார். அவர் இளமையில் நில அளவையாளராகப் பணியாற்றியவர். சவாலை ஏற்கும் முன் அவர் நிலவியலாளர் சார்லசு லயலிடம் கருத்துக் கேட்டார். கண்கூடாகக் காட்டினால் இத்தகையோர் அடங்கக்கூடும் என்று லயல் கூறினார்.

1870 மார்ச் மாதத்தில் சோதனை நடைபெற்றது. "தி ஃபீல்டு" இதழின் ஆசிரியர் ஜான் என்றி வால்சு பந்தயத் தொகைக்குப் பொறுப்பாளராக இருந்தார். ஹாம்டன் தரப்பு நடுவராக, தட்டைப் புவிக் கொள்கையினரான வில்லியம் கார்ப்பென்டர் அமர்ந்தார்.

வாலேசு இரண்டு மாற்றங்களைச் செய்தார்.

* பார்வைக் கோட்டை நீரிலிருந்து சுமார் 13 அடி (4 மீட்டர்) உயர்த்தினார். நீர்ப்பரப்பு வளைந்திருந்தாலும், நடுவழியில் அக்கோடு நீருக்கு 2 மீட்டருக்கு மேலேயே செல்லும். இதனால் நீரை ஒட்டிய காற்றுப்படலம் தவிர்க்கப்பட்டது.
* இரு முனைகளுக்கும் நடுவே, மூன்று மைல் தொலைவில், மூன்றாவது குறி ஒன்றை நிறுவினார்.

வெல்னி பாலத்தில் தொலைநோக்கி வைக்கப்பட்டது. ஆறு மைல் அப்பால் பழைய பெட்ஃபோர்டு பாலத்தில், தொலைநோக்கியின் உயரத்திலேயே கரும்பட்டையுடன் கூடிய வெள்ளைத்துணி கட்டப்பட்டது. நடுவே நட்ட கம்பத்தில், அதே உயரத்தில் ஒரு வட்டும் அதற்குக் கீழே மற்றொரு வட்டும் பொருத்தப்பட்டன. நீர்ப்பரப்பு தட்டையானால், மேல்வட்டு தொலைவிலுள்ள கரும்பட்டையுடன் ஒரே கோட்டில் தெரிய வேண்டும். வளைந்திருந்தால், நடுக்கம்பம் ஏறத்தாழ 6 அடி (1.8 மீட்டர்) உயர்ந்து தெரிய வேண்டும், ஒளிவிலகல் அந்த அளவைச் சற்றுக் குறைக்கும். தொலைநோக்கியில் மேல்வட்டு கரும்பட்டைக்குத் தெளிவாக மேலே உயர்ந்து தெரிந்தது.

குறுக்கிழை பற்றிய வாதம்

கார்ப்பென்டர் இம்முடிவை ஏற்கவில்லை. மட்டக் கருவியுடன் கூடிய தொலைநோக்கியால் பார்க்கப்பட்டபோது, அதன் குறுக்கிழைக்குக் கீழே நடுக்குறியும், நடுக்குறிக்குக் கீழே அதே இடைவெளியில் தொலைக்குறியும் தெரிந்தன. இடைவெளிகள் சமமாக இருப்பதால் மூன்றும் ஒரே நேர்கோட்டில் உள்ளன என்றும், ஆகவே நீர்ப்பரப்பு தட்டையானது என்றும் அவர் வாதிட்டார்.

ஆனால் உருண்டையான புவியில் எதிர்பார்க்க வேண்டிய காட்சியே இதுதான். குறுக்கிழை, கருவி இருக்கும் இடத்தின் கிடைமட்டத் திசையைக் காட்டுகிறது. மூன்று மைலில் உள்ள குறி அத்திசையிலிருந்து 6 அடி தாழ்ந்திருக்கும். ஆறு மைலில் உள்ள குறி 24 அடி தாழ்ந்திருக்கும். தொலைவு இரு மடங்கானால் தாழ்வு நான்கு மடங்காகிறது. எனவே தோற்றக் கோணம் இரு மடங்காகிறது. கணக்குப்படி முதற்குறி 0.022 பாகையும், இரண்டாவது குறி 0.043 பாகையும் கீழே தெரிய வேண்டும். இடைவெளிகள் சமமாக அமைவது இதனாலேயே. நீர்ப்பரப்பு தட்டையாக இருந்திருந்தால், ஒரே உயரத்தில் உள்ள மூன்றும் குறுக்கிழையின் மேலேயே ஒன்றன்பின் ஒன்றாகத் தெரிந்திருக்கும்.

இருவரும் ஒரே காட்சியைக் கண்டனர். வரைந்துகொண்ட படங்களிலும் பெரிய வேறுபாடு இல்லை. அக்காட்சியை எதனுடன் ஒப்பிடுவது என்பதிலேயே அவர்கள் மாறுபட்டனர்.

தீர்ப்பும் வழக்குகளும்

இரு தரப்பு நடுவர்களும் உடன்படாததால், முடிவு வால்சிடம் விடப்பட்டது. அவர் வாலேசு வென்றதாக அறிவித்துத் தொகையை அவரிடம் அளித்தார். ஹாம்டன் இதை ஏற்காமல், வாலேசை ஏமாற்றுக்காரர் எனக் குற்றம்சாட்டி ஆண்டுக்கணக்கில் கடிதங்களையும் துண்டறிக்கைகளையும் பரப்பினார். வாலேசின் மனைவிக்கும் மிரட்டல் கடிதம் எழுதினார். வாலேசு தொடுத்த அவதூறு வழக்கில் 600 பவுண்டு இழப்பீடு வழங்கத் தீர்ப்பானது. ஆனால் ஹாம்டன் தம் சொத்தை முன்னரே பிறர் பெயருக்கு மாற்றிவிட்டதால் அது வசூலாகவில்லை. ஹாம்டன் சிறைத் தண்டனையும் பெற்றார். எனினும் அவருடைய தாக்குதல் ஓயவில்லை.

பந்தயத் தொகையும் வாலேசிடம் நிலைக்கவில்லை. அப்போது நடைமுறையில் இருந்த 1845ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டப்படி, பந்தய ஒப்பந்தங்கள் சட்டத்தின் முன் செல்லாதவையாக இருந்தன. தொகை வாலேசிடம் தரப்படும் முன்பே ஹாம்டன் அதைத் திருப்பிக் கேட்டிருந்ததால், அவருடைய பங்கைத் திருப்பியளிக்க வேண்டும் என 1876இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. "ஹாம்டன் எதிர் வால்சு" எனப்படும் இவ்வழக்கு ஒப்பந்தச் சட்ட நூல்களில் இன்றும் குறிப்பிடப்படுகிறது. புவியின் வடிவம் குறித்து நீதிமன்றம் எதுவும் தீர்மானிக்கவில்லை; பந்தயம் செல்லாது என்பதையே அது கூறியது.

வென்ற பந்தயத்தால் வாலேசுக்குப் பெரும் பணஇழப்பும், பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலான மனவேதனையும் ஏற்பட்டன. அறிவியல் உண்மையைப் பந்தயப் பொருளாக்கியதற்காக அறிவியலாளர் சிலர் அவரைக் குறைகூறினர். 1905இல் வெளிவந்த தம் தன்வரலாற்று நூலில், இதைத் தம் வாழ்வின் வருந்தத்தக்க நிகழ்ச்சியாக அவரே பதிவு செய்தார்.

பிற்கால நோக்கல்கள்

1901இல் கேம்பிரிட்ச்சு பல்கலைக்கழகத்தின் புவியியல் ஆசிரியர் என்றி யூல் ஓல்டாம், நீருக்கு மேல் ஒரே உயரமுள்ள மூன்று கம்பங்களைக் கொண்டு தியோடலைட் கருவியால் அளந்து, வாலேசின் முடிவை உறுதிப்படுத்தினார்.

1904 மே மாதத்தில், தட்டைப் புவிக் கொள்கையினரான எலிசபெத் பிளவுன்ட் சீமாட்டி, ஒரு தொழில்முறை ஒளிப்படக் கலைஞரை அழைத்துவந்தார். ஆற்றின் ஒரு முனையில் நீரைத் தொடுமளவு தாழ்வாகக் கட்டிய வெள்ளைத்துணியை, ஆறு மைல் அப்பாலிருந்து அவர் படம் பிடித்தார். படத்தில் துணி தெரிந்தது. ஒளிப்படக்கருவியும் நீருக்கு மிக அருகிலேயே வைக்கப்பட்டிருந்ததால், ரோபோதம் கண்ட காட்சியே ஒளிப்படத்திலும் பதிவானது. கருவி கண்ணைவிட நம்பகமானதாக இருக்கலாம். ஆனால் அதனுள் நுழையும் ஒளி முன்னரே வளைந்து வந்தால், கருவி அதைத் திருத்துவதில்லை.

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் பொன்சார்ட்ரெய்ன் ஏரியின் குறுக்கே, ஒரே வடிவமுள்ள மின்கம்பிக் கோபுரங்கள் நேர்வரிசையில் நிற்கின்றன. தொலைவில் உள்ளவற்றைப் பெரிதாக்கிக் காட்டும் ஒளிப்படங்களில், இவ்வரிசை கீழ்நோக்கி வளைந்து செல்வதைக் காணலாம். வாலேசு ஒரு கம்பத்தால் காட்டியதை இங்கு பல கோபுரங்கள் காட்டுகின்றன.

நில அளவையிலும் பொறியியலிலும்

வளைவும் ஒளிவிலகலும் நில அளவையாளருக்கு அன்றாடத் திருத்தங்களாகும். 1802இல் வில்லியம் லாம்ப்டன் சென்னைப் பரங்கிமலை அருகே அடிக்கோட்டை அளந்து தொடங்கிய பெரும் முக்கோண அளவையின் நோக்கங்களுள் ஒன்று, புவியின் வளைவை அளவிடுவதே ஆகும். வாலேசின் பந்தயத்திற்கு 68 ஆண்டுகள் முன்னரே இத்தகைய அளவீடுகள் நடைமுறையில் இருந்தன.

மட்டம் பார்க்கும் பணியில், இரு விளைவுகளையும் சேர்த்த திருத்தம் 0.0673 மீட்டரைக் கிலோமீட்டரில் உள்ள தொலைவின் இருபடியால் பெருக்கிப் பெறப்படுகிறது. 100 மீட்டர் தொலைவுக்கு இது ஒரு மிமீக்கும் குறைவு. 1 கிமீ தொலைவுக்கு 6.7 செமீ. கருவியை இரு அளவுகோல்களுக்கும் சரிநடுவில் வைத்தால், இருபுறமும் பிழை சமமாகி நீங்கிவிடும்.

1981இல் திறக்கப்பட்ட இங்கிலாந்தின் அம்பர் தொங்குபாலத்தின் இரு கோபுரங்களும் தத்தம் இடத்தில் செங்குத்தாகவே நிற்கின்றன. எனினும், 1,410 மீட்டர் இடைவெளியில் அமைந்த அவற்றின் உச்சிகள், அடிப்பகுதிகளைவிடச் சுமார் 36 மிமீ கூடுதலாக விலகியுள்ளன. பாலத்தில் நடந்து செல்பவர் இதை உணர்வதில்லை; பாலத்தை வடிவமைத்தவர்கள் இதைக் கணக்கில் கொண்டனர்.

இவற்றையும் பார்க்க

* தொடுவானம்
* ஒளிவிலகல்
* கானல்நீர்
* ஆல்ஃபிரெட் ரசல் வாலேசு
* பெரும் முக்கோண அளவை